மன்னார்க் கடலில் மூழ்குவோர்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாக் கடல், 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமையால் அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருள் அமிழ்ந்து கிடக்கின்றன.

இக்கடலில் முத்துக்குளித்தோர் கல்லைப் பற்றி மூழ்கி, ஒரே மூச்சிற் சிப்பி வாரி மீண்டனர். கரையிற் கொண்ட காற்று ஆழத்திற் சுருங்கி, மேலே பழைய அளவினதாயிற்று. ஆதலின் நுரையீரலுக்கு ஊறில்லை. இக்காலத்துப் பவளம் ஆராய்வோரோ காற்றடைத்த கலத்தை முதுகிற் சுமந்து மூழ்குகின்றனர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. கலம் தருங் காற்றும் அவ்வழுத்தமுடையதே. அம்மூச்சை அடக்கி மேலெழுந்தால் அது இருமடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழிக்கும். அடைபட்ட வாயுவின் வலிமையைத் தாயில்பட்டி வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? மூச்சு விட்டுக்கொண்டே மெல்ல மெல்ல மேலேறல் வேண்டும். தள்ளாடினும் பவளத்தைப் பற்றலாகாது. அஃது உயிருள்ளது, தொட்ட மாத்திரத்தில் முறியவுங் கூடும்.