காது வலியா, தாடை வலியா?

கொட்டாவி விடும்போது காதருகே ‘டக்’கென்று ஓர் ஓசை உங்களுக்குக் கேட்டதுண்டா? எனக்குப் படிவம் ஐந்திலிருந்தே கேட்டது. வலி இல்லை; அதனால் பொருட்படுத்தவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், தேர்வும் சொற்போரும் ஒரே மாதத்தில் வந்தபோது அந்த ஓசை திடீரென நின்றது. கூடவே வாயும் திறக்க மறுத்தது. ஸ்ரீ கெம்பாங்கான் இரவுச் சந்தையில் வாங்கிய ஆப்பம் பாலிக்கை அம்மா விரல் நுனியளவு பிய்த்துக் கொடுத்தார். சொற்போரில் என் இடத்தில் வேறொருவர் பேசினார். நான் நேரக் காப்பாளராக அமர்ந்திருந்தேன்.

முதலில் சென்ற மருந்தகத்தில் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்த பல் மருத்துவர்தான் “செண்டி ராஹாங்” என்றார். தமிழ்ப்பள்ளியில் ‘தாடை’, இடைநிலைப்பள்ளியில் ‘ராஹாங்’ என்று படித்த எனக்கு, அங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்பதே அன்றுதான் உறைத்தது.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். அசைவதே அந்த மூட்டு. முதலில் கதவின் கீல்போல் சுழலும். பிறகு முன்னோக்கி வழுக்கும். இரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு உண்டு. அது முன்னால் நழுவி, வாயைத் திறக்கையில் மறுபடியும் தன் இடத்தில் ஏறும்போதுதான் ‘டக்’ ஓசை எழுகிறது. ஏறாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் ஓசை நிற்கும், வாய் பூட்டிக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். வலியில்லாத வெறும் ஓசை பலருக்கும் இருப்பது. அதற்கு மருத்துவம் தேவையில்லை.

மூட்டு காதை ஒட்டியே இருப்பதால் காது வலி என்று ஏமாறுவது எளிது. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் இத்தொல்லைகளைத் தொகுத்து எழுதி, பல் இழப்பால் கடி மாறுவதே காரணம் என்றார். அந்த விளக்கம் பிற்காலத்தில் நிற்கவில்லை. ஆனாலும் ‘கடியைச் சரிசெய்தால் வலி போகும்’ என்று பல்லைத் தேய்க்கும் பழக்கம் நெடுநாள் தொடர்ந்தது.

பெரும்பாலும் வலிப்பது மெல்லும் தசைகளே. உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. நானோ கணினிமுன் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! மூன்று மாதங்களுக்கு மேல் வலி நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையடைந்து, சிறு அசைவையும் வலியாக உணரத் தொடங்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடுவது தவறு. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் வலியைக் கூட்டும் என்பது உண்மை. அதனால் வலி பொய்யாகிவிடாது.

என் மருத்துவர் அளவுகோலை வைத்து அளந்தார்: 24 மில்லிமீட்டர். பொதுவாக 40க்குக் குறையக்கூடாதாம். அறுவை சிகிச்சை என்றதும் அம்மா கண்கலங்கிவிட்டார். ஆனால் மருத்துவர் அதைக் கடைசி வழி என்றே சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் வைடெக் நிறுவனத்தின் டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகள் பலருக்குப் பொருத்தப்பட்டன. அவை தேய்ந்து சிதறி, துகள்கள் தாடை எலும்பையே அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அவற்றைத் திரும்பப் பெற வைத்தது.

2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டி, நாட்பட்ட தாடை வலிக்குத் தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் மூட்டைத் தளர்த்துவது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. இரவில் அணியும் பல் கவசத்திற்கும் போடோக்ஸ் ஊசிக்கும் அத்தகைய ஆதரவு தரவில்லை. இதைப் படித்தபின், கவசத்துக்காகச் சேமித்த பணத்தைப் புத்தகங்களுக்குச் செலவழித்தேன்.

நான் செய்தவை இவ்வளவே: சில வாரங்கள் கஞ்சியும் இடியப்பமும், கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி மெல்ல வாயைத் திறந்து மூடும் பயிற்சி, கணினித் திரையின் ஓரத்தில் ‘பல்லை விடு’ என்று எழுதி ஒட்டிய மஞ்சள் தாள். தோழிகள் சிரித்தார்கள். பிறகு இருவர் அதே தாளைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். வேலை செய்யும்போது நெஞ்சழுத்தத்தோடு தாடை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த பெற்றோருக்கு மெல்லும்போது தாடை வலியும் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது இரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே பறிபோகலாம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நான்கு மாதங்களில் என் அளவு 38க்கு வந்தது. ரொட்டி சானாய் சாப்பிடுகிறேன். தீபாவளிக்குப் பாட்டி சுடும் முறுக்கை மட்டும் இன்னும் தேநீரில் நனைத்துத்தான் சாப்பிடுகிறேன். பாட்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.