பிழைத்திருப்பாரா? விபத்து மரணங்களில் தவிர்த்திருக்கக்கூடியவை எத்தனை

விபத்தில் ஒருவர் இறந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தால், இந்தக் கேள்வி உங்கள் காதில் கட்டாயம் விழுந்திருக்கும்: "கொஞ்சம் முன்னாடி கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாரோ?"

எங்கள் வீட்டிலும் அது உண்டு. மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு ஒரு அண்ணன், தென்னை ஏறுவதுதான் தொழில். ஒருநாள் காலையில் மரத்திலிருந்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். முதலில் போன இடத்தில் "இங்க முடியாது" என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஸ்கேன் இல்லை. மூன்றாவது மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். பெரியம்மா இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் தெரியுமா? அவர் எத்தனை மணிக்கு விழுந்தார், முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் போனது, அப்போது ரத்த அழுத்தம் எவ்வளவு, எதுவுமே எங்கும் எழுதப்படவில்லை.

பெரியம்மா கேட்பதைத்தான் மருத்துவத் துறை "தவிர்த்திருக்கக்கூடிய மரணம்" என்கிறது. அதை அளக்க முறைகள் இருக்கின்றன. ஆனா நாம் நினைக்கிற அளவுக்கு அது எளிதான கணக்கு இல்லை.

நம்மிடம் இருக்கும் எண்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அதே அறிக்கையை வேறு மாதிரியும் படிக்கலாம். 100 விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28, இந்தியா முழுவதும் 36க்கு மேல், உத்தரப் பிரதேசத்தில் 54.

அப்போ நம் சிகிச்சை இரண்டு மடங்கு சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சின்னக் காயம் பட்ட விபத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்கிற மாநிலத்தில் இந்த விகிதம் தானாகவே இறங்கிவிடும். சிகிச்சை எப்படி நடந்தது என்பதை இந்த எண் சொல்லாது. அடிக்கடி கேட்கும் இன்னொரு எண்ணும் இருக்கிறது: முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தால் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்பது. மத்திய சட்ட ஆணையத்தின் 201ஆவது அறிக்கை (2006) மருத்துவர்களின் கருத்தாக இதைச் சொல்கிறது. கருத்து என்பதைக் கவனியுங்கள். அது எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல.

ஒவ்வொரு மரணமாகப் பிரித்துப் பார்ப்பது

சரி, எண்ணிப் பார்ப்பது எப்படி? பழைய வழி, இறந்தவரின் மருத்துவக் கோப்பையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் சில மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து, "இவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா?" என்று தீர்ப்புச் சொல்வது.

அமெரிக்காவில் 1979இல் வெளியான ஓர் ஆய்வு இப்படித்தான் இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பலத்த காயம்பட்ட எல்லோரையும் அதற்கென்றே தயாராக இருந்த ஒரே மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஆரஞ்சு கவுண்டியில் எது பக்கமோ அங்கே. சான் பிரான்சிஸ்கோவின் 92 மரணங்களில் தவிர்த்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்று. ஆரஞ்சு கவுண்டியின் 90 மரணங்களில், மூளைக் காயம் அல்லாத மரணங்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்த்திருக்கலாம் என்று தெரிந்தது. "பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்ற நம் வழக்கத்தை இந்த ஆய்வு அசைத்துப் பார்க்கிறது, இல்லையா?

இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. 1988இல் இங்கிலாந்து, வேல்ஸில் 1,000 விபத்து மரணங்களை நான்கு மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் உயிரோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 514 பேர். நான்கு பேருமே "தவிர்த்திருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டவை 102, அதாவது 20 சதவீதம். நான்கில் மூன்று பேர் சொன்னாலே போதும் என்று வைத்தால் 170, அதாவது 33 சதவீதம். அதே கோப்புகள், அதே மரணங்கள். அடுத்த முறை யாராவது "தவிர்க்கக்கூடிய மரணம் இத்தனை சதவீதம்" என்று அடித்துச் சொன்னால், யார் எப்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.

அதனால்தான் இன்னொரு வழி வந்தது. உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள காயத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மிக மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பெண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறார்கள். தலையில் 4, மார்பில் 3, காலில் 2 என்றால் 16+9+4, மொத்தம் 29. மொத்தம் 15ஐத் தாண்டினால் பலத்த காயம். உச்ச மதிப்பெண் 75. இதோடு வயது, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு நிலை எல்லாம் சேர்த்து, இவர் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறார்கள். 100 பேரில் 88 பேர் பிழைக்க வேண்டும் என்று கணக்கு சொல்லி, 85 பேர்தான் பிழைத்தார்கள் என்றால் அந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவமனை யோசித்தாக வேண்டும்.

இங்கிலாந்து 2012இல் பலத்த காயத்துக்கான மருத்துவமனை வலையமைப்பை நாடு முழுவதும் தொடங்கியது. 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளை இப்படி அலசியபோது, பிழைக்கும் வாய்ப்பு விகிதம் 19 சதவீதம் கூடியிருந்தது தெரிந்தது. பதிவேடு முன்பே இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

நம் ஊருக்கு வருவோம்

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தை அறிந்திருப்பீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடையும் யாராக இருந்தாலும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. இதற்குப் பின்னால் இயங்குவது தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம். வருகிறவரைப் பார்த்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பது, விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் அதன் வேலை.

ஆனா குமரி மாவட்டத்துக்கு என்று சில தனி முடிச்சுகள் இருக்கின்றன. களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். இங்கே காயம்பட்டவர் அங்கே இறந்தால், அவருடைய சிகிச்சைக் கோப்பு கேரளத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்காமல் எந்தக் கணக்கும் முழுசாகாது. அடுத்தது, நம் மாவட்டத்தில் காயம் சாலையில் மட்டும் நடப்பதில்லை. தென்னை, பனை ஏறுகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 48 மணி நேரத் திட்டம் சாலை விபத்துக்கானது என்பதால், எங்கள் அண்ணன் அதன் கணக்கில் வரமாட்டார். மூன்றாவது, சம்பவ இடத்திலேயே இறந்தவர்கள். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அவர்கள் இல்லாமலே போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரசவகால மரணத்துக்கும் குடும்பத்தாரிடம் விசாரித்து, மாவட்ட அளவில் கூடி ஆராயும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. எங்கே தாமதம், வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா என்று கேட்பார்கள். விபத்து மரணத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும் என்பது என் எண்ணம்.

உங்கள் கையில் இருப்பது

இந்தப் பதிவின் முதல் வரியை எழுதுவது பெரும்பாலும் மருத்துவர் இல்லை, நீங்கள்தான். 108ஐ அழைத்த நேரம் உங்கள் போனில் இருக்கும், அழித்துவிடாதீர்கள். எல்லைப் பகுதியில் போன் கேரள டவரைப் பிடிப்பது உண்டு. அதனால் பேச்சை எடுத்ததும் மாநிலம், மாவட்டம், பிறகு பக்கத்து ஜங்ஷன் அல்லது கிலோமீட்டர் கல் என்று சொல்லுங்கள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஓடுவதைவிட ஆம்புலன்ஸ் நல்லது. அவர்கள் எந்த மருத்துவமனையில் வசதி இருக்கிறது என்று பார்த்து, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுக் கொண்டு போவார்கள்.

உதவி செய்யப் போய் வழக்கில் மாட்டுவோமோ என்ற பயம் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சுமத்தக்கூடாது என்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு, நாம் ஏ.ஆர். என்று சொல்வது, எழுதும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: விபத்து நடந்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் வேறு எங்கே கொண்டு போனீர்கள், அங்கிருந்து எப்போது கிளம்பினீர்கள். சரியான நேரம் தெரியாவிட்டால் "ஏழு மணி பஸ் போன பிறகு" என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.