தரையை அறிவிக்கும் கருவி

ஆகாய விமானப் பயணத்தில் ஆபத்து மிகுந்த வேளை, நடுவானில் பறக்கும் வேளையன்று. விமான நிலையத்தை நாடித் தாழ்ந்து வரும் வேளையே ஆகும். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இராது. விமானியும் முழுக் கவனத்தோடு செலுத்திக்கொண்டிருப்பார். எனினும் இருளோ மேகமோ மறைத்த குன்றின்மீது விமானம் மோதிவிடுகிறது. இத்தகைய விபத்துகள் எவ்வாறு நேர்கின்றன? அவற்றைத் தடுக்க அறிவியல் கண்ட வழி யாது?

விமானியின் முன்னுள்ள உயரமானி, காற்றின் அழுத்தத்தைக் கொண்டு, கடல்மட்டத்திலிருந்து விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும். கீழேயுள்ள நிலத்தின் உயரத்தை அது அறியாது. உயரமானி 2,000 அடி என்று காட்டும்போது, அடியில் 1,900 அடிக் குன்று இருக்குமாயின், உண்மையான இடைவெளி 100 அடியே.

இக்குறையைப் போக்கும் கருவியை உருவாக்கியவர், கனடாவில் பிறந்த பொறியியலாளர் டான் பேட்மன் என்பவர். விமானத்தின் அடிப்புறத்திலிருந்து செல்லும் ரேடியோ அலை தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு, தரையின் தொலைவு கணக்கிடப்படும். தரை அளவுக்கு மீறிய விரைவில் நெருங்குமானால், "புல் அப்", அதாவது "மேலே எழும்பு" என்று கருவி குரல் கொடுக்கும். 1974 டிசம்பர் 1ஆம் நாள், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பகுதியில் இறங்க வந்த விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அதன்பின், பெரிய பயணி விமானங்களில் இக்கருவியைப் பொருத்த வேண்டும் என்று அந்நாடு விதி செய்தது.

ஆயினும் கருவி மட்டும் போதாது என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் அதிகாலையில், சிங்கப்பூரிலிருந்து ஒரு போயிங் 747 சரக்கு விமானம் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டு நிலையம் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று கூறிற்று. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணுக்கும், "இத்தனை அடிக்கு" என்பதில் வரும் வேற்றுமைப் பொருளைத் தரும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே விமானி அதனை "400 அடிக்கு" என்று கொண்டார். "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றே மறுமொழியும் கூறினார். பிழை திருத்தப்படவில்லை. பூச்சோங் அருகே, கடல்மட்டத்துக்கு 437 அடி உயரத்தில், ஒரு குன்றின்மீது விமானம் மோதியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். மோதுமுன் கருவி பன்முறை எச்சரித்தது. விமானிகள் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1995 டிசம்பர் 20ஆம் நாள், கொலம்பியா நாட்டின் காலி நகரத்துக்குச் சென்ற விமானம் வழி தவறி மலைகளிடையே இறங்கியது. எச்சரிக்கை கேட்டவுடன் விமானிகள் முழு விசையுடன் மேலே எழும்ப முயன்றனர். ஆனால் எஞ்சியிருந்தவை சில வினாடிகளே. வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கைகளின்மேல் உயர்த்தியிருந்த தகடுகளை மடக்கவும் தவறினர். 159 பேர் மாண்டனர். கருவி நேர் கீழே மட்டுமே பார்த்ததால், எதிரே செங்குத்தாக நின்ற மலையை முன்கூட்டி உணர அதனால் இயலவில்லை.

பேட்மன் குழுவினர் 1990களில் உருவாக்கிய புதிய கருவி இக்குறையை நீக்கியது. உலகின் மேடுபள்ளங்களை அதன் நினைவகத்தில் பதித்து வைத்துள்ளனர். செயற்கைக் கோள்களின் துணையால் விமானம் இருக்கும் இடத்தை அறிந்து, வழியில் எதிர்ப்படும் மலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் திரையில் காட்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு முன்னரே எச்சரிக்கும்.

பூச்சோங் தரும் பாடமோ மனிதர்க்குரியது. உயரத்தைத் தனித்தனி இலக்கங்களாக அடுக்காமல், "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என்று ஆயிரமும் நூறும் தெளிவாக விளங்கக் கூறுவதே முறை. இருளிலோ மேகத்திலோ "மேலே எழும்பு" என்ற குரல் கேட்டால், அது மெய்யா பொய்யா என்று விமானி ஆராய்ந்துகொண்டிருத்தல் ஆகாது. உடனே எழும்ப வேண்டும். காரணத்தை ஆராய்வதற்கு மேலே சென்றபின் வேண்டிய நேரம் உண்டு.