குழந்தைகளின் கண்ணில் பீளை மிகுதல்

கண்ணீர், சளி, எண்ணெய்ப்பசை, உதிர்ந்த செல்கள் ஆகியவை சேர்ந்து இமையோரத்தில் திரள்வதே பீளை. தூங்கி எழும்போது சிறிதளவு இருப்பது இயல்பு. நாள் முழுவதும் வந்தாலோ, இமைகள் ஒட்டிக்கொண்டாலோ காரணத்தைத் தேட வேண்டும். குழந்தையின் வயது, பீளையின் தன்மை, ஒரு கண்ணா இரு கண்ணா என்பவை அதற்கு உதவும்.

பிறந்து 28 நாட்களுக்குள்

இமை வீங்கிச் சீழ் வடிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கொனோரியா அல்லது கிளமிடியா தொற்றியிருக்கலாம். கொனோரியா விரைவில் கருவிழியைத் துளைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடியது. 1880இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு இடத் தொடங்கியது இதைத் தடுக்கவே.

ஓராண்டுக்குள்

கண் சிவக்காமல் எப்போதும் நீர் கோத்து, பீளையும் கட்டினால் கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானே திறந்துவிடும். மூக்கையொட்டிய கண்முனையிலிருந்து கீழ்நோக்கி மெல்ல அழுத்தி நீவும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

வளர்ந்த குழந்தைகள்

* பாக்டீரியா: மஞ்சள் அல்லது பச்சை நிறக் கெட்டிப் பீளை.
* வைரஸ்: நீர்த்த பீளை, சிவப்பு, உறுத்தல். 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோவைரஸால் வருவது. பார்த்தாலே ஒட்டும் என்பது தவறு. கை, துண்டு, தலையணை வழியாகவே பரவும்.
* ஒவ்வாமை: இரு கண்ணிலும் அரிப்பு, நூல்போன்ற வெண்பீளை.
* தூசி: பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் உப்பளம் வரையுள்ள கடற்கரையில் மணலும் உப்புத்தூசியும் கண்ணை உறுத்தலாம். ஒரே கண்ணில் திடீரென நீர் வடிந்தால் துகள் சிக்கியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கையைச் சோப்பிட்டுக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு.

செய்யக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், கண்மை எதையும் கண்ணில் இடக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று முற்றலாம். நெடுநாள் இட்டால் கண் அழுத்தம் உயரலாம்.

எப்போது மருத்துவரிடம்?

வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, இமை வீக்கத்துடன் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இப்பகுதியினருக்குப் புதுச்சேரியில் ஜிப்மரும், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன.