கழியும் கழிவும்
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கியத் தொடரில் குப்பைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படி நினைத்தவன்தான். நினைத்ததோடு நில்லாமல், ஒரு மாணவியின் கொப்பியில் சிவப்பு மையால் கோடும் இழுத்தவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உயர்தர வகுப்பில் நெய்தல் திணையை நடத்திக்கொண்டிருந்தேன். 'கழி' என்ற சொல் வந்தது. கடல்நீர் உட்புகுந்து தேங்கி நிற்கும் இடம் என்று விளக்கினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "சேர், கழி எண்டா கழிவு போடுற இடமா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு, நமது வாவிதான் அந்தக் கழி, எழுவான்கரையில் நெய்தலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலும் குளமுமாக மருதமும் இருக்க, இரண்டுக்கும் நடுவே வாழ்கிறவர்கள் நாம் என்று சொல்லி ஒரு பயிற்சி கொடுத்தேன்.

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனக் கருப்பொருள்களை எண்ணிக்கொண்டு போகும் தொல்காப்பியர், அவை போன்ற பிறவும் உண்டு என்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்த வரிசைப்படி வாவிக்கரையில் கண்டதை எழுதி வாருங்கள் என்றேன்.

பெரும்பாலானோர் வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். புன்னை மரமே இல்லாத ஒழுங்கைகளிலிருந்தெல்லாம் புன்னை வந்திருந்தது. ஒரு மாணவி மட்டும் உண்மையாகவே கரைக்குப் போயிருக்கிறாள். மரம்: கண்டல், தில்லை. புள்: கொக்கு, நீர்க்காகம், 'எல்லாவற்றிலும் அதிகம் காகம்'. உணவு: மீன், இறால், நண்டு. 'பிற' என்ற தலைப்பின் கீழ்: சொப்பின் பை, லஞ்ச் சீற், யோகட் கோப்பை, பம்பர்ஸ்.

அந்தக் கடைசி வரியைத்தான் வெட்டினேன். பரிகாசம் செய்கிறாள் என்று எனக்குக் கோபம்.

"நீங்கதானே சேர் கண்டதை எழுதச் சொன்னீங்க? அங்க புன்னை இல்ல. இதுதான் கிடக்கு" என்றாள். குரலில் குறும்பு இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர்களோடு நானும் போனேன். ஊர்ப்பெயர் வேண்டாம், வாவிக்கரையோரம் எந்த ஊரிலும் அப்படி ஓர் இடம் உண்டு.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் கடலோடு பேசுவதற்கு அதற்கு இருக்கும் வாய்கள் இரண்டே: ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மாரி வெள்ளம் வந்து உடைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிட வேண்டும். ஆகவே கோடையில் போட்டது கோடை முழுவதும் உள்ளேயே கிடக்கும். ஆறாக இருந்தால் அடித்துச் சென்றுவிடும் என்று ஆறுதல் சொல்லலாம். களப்புக்கு அந்த வசதி இல்லை. மாரியில் வாய் திறந்ததும் எல்லாம் கடலுக்குப் போய், அலையோடு திரும்பிக் கல்லடிக் கரையில் வந்து ஒதுங்கும்.

கண்ணா மரத்தடியில் சேற்றிலிருந்து விரல்விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. ஒரு மாணவன் குனிந்து, அவற்றின்மேல் ஒட்டிக் கிடந்த பொலித்தீனை உரித்தெடுத்தான். கீழே நாலைந்து வேர்கள் கறுத்து மெத்தென்று கிடந்தன. அந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. மரம் போனால் அவற்றுக்கு வீடு இல்லை. அழுகும் கழிவோ நீரிலுள்ள உயிர்வாயுவை எடுத்துக்கொள்கிறது. குப்பையில் ஊறி வடியும் கறுப்பு நீர் மணலுக்குள் இறங்கி, ஆழமில்லாத நமது கிணறுகளை நோக்கிப் போகிறது.

சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை அன்று அவர்களுக்கு நினைவூட்டினேன். பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்பது இளங்கோவின் கருத்து. "அப்ப நெய்தல் கெட்டா அதுக்கு என்ன பேர் சேர்?" என்று ஒருவன் கேட்டான். இலக்கண நூல் எதிலும் அதற்கு விடை இல்லை. குறிஞ்சிக்குரிய யானையைப் பற்றிச் சொன்னேன். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. மலையே இல்லாத மீதொட்டமுல்லையில் குப்பை மலையாகி, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

சட்டம் இல்லாமல் இல்லை. லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் அது படைபடையாகக் கிடந்தது.

அந்தப் படைகளுக்கு நடுவே ஒரு மாணவன் கசங்கிய தாள் ஒன்றை எடுத்து விரித்தான். எங்கள் கலைவிழா நிகழ்ச்சி நிரல். வரவேற்புரை என்ற இடத்தில் என் பெயர். விழா முடிந்த மறுநாள் சாப்பாட்டுப் பொதிகள், தோரணம், போத்தல் எல்லாவற்றையும் ஒரு லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக் கூலி கொடுத்து அனுப்பியவன் நானே. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று அந்தத் தம்பியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுத்தேனோ என்று பிறகு தோன்றியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்த மாணவி மெல்லக் கேட்டாள்: "சேர், இதையும் பிறவில எழுதவா?"

"எழுது புள்ள" என்றேன்.

குப்பை நிலத்தை அழுக்காக்குகிறது என்றே பாடநூல்கள் சொல்கின்றன. அதைவிட மோசமான ஒன்றை அந்தக் கரையில் கண்டோம்: குப்பை நிலத்தை உண்டாக்குகிறது. முதலில் கஞ்சல் விழும். கண்டல் பட்டுப்போகும். அதன்மேல் யாரோ நாலு லோட் கிரவல் பறிப்பார்கள். பிறகு கட்டை நடுவார்கள், கம்பி அடிப்பார்கள். ஐந்தாறு வருடத்தில் அது வளவு. அங்கே நீர் இருந்தது என்பதற்குச் சாட்சி, பக்கத்து வீட்டு அம்மம்மாவின் நினைவு மட்டுமே. மட்டக்களப்பு என்ற நம் பெயரிலிருந்தே களப்பு இப்படித்தான் வண்டி வண்டியாகக் குறைகிறது.

அதனால் பயிற்சியை மாற்றிக்கொண்டேன். இப்போது இரண்டு நிரல்கள்: ஒன்றில் அம்மம்மாவோ அப்பப்பாவோ சொல்லும் கருப்பொருள்கள், மற்றதில் பிள்ளை கண்ணால் கண்டவை. நெய்தலைப் பற்றி நான் ஒரு தவணை முழுவதும் விளக்குவதை அந்த இரண்டு நிரல்களுக்கிடையிலுள்ள வெற்றிடம் விளக்கிவிடுகிறது. கலைவிழாவுக்கு வாழையிலை போட்டோம். மிச்சக் கஞ்சல் ஏற்றிய வண்டியின் பின்னால் இரண்டு மாணவர்கள் சைக்கிளில் போய், அது எங்கே நின்றது என்று எனக்கு வந்து சொன்னார்கள்.

நாங்கள் நின்ற அந்த இடத்தில் போன மாதம் கம்பி அடித்திருந்தார்கள். இந்த வருட வகுப்புக்கு வேறு கரை பார்க்கவேண்டும். மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, தண்ணீர் வற்றிய பிறகு போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.