மூடிய மைதானமும் முதற் கோப்பையும்

1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மகளிர் ஆடிய கால்பந்தாட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, இவ்வாட்டம் பெண்களுக்குத் தகாது எனக் கூறி, ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிற்று. அரை நூற்றாண்டு கழிந்தே அத்தடை நீங்கிற்று.

1970-71ஆம் பருவத்தில் முதல் மகளிர் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 71 அணிகள் பங்கேற்றன. தோற்ற அணி விலக வேண்டும் என்பதே விதி. 1971 மே 9 அன்று இலண்டன் கிறிஸ்டல் பேலஸில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் சவுதாம்ப்டன் அணி, ஸ்காட்லாந்தின் ஸ்டுவர்ட்டன் திசில் அணியை 4-1 என வென்றது.

தோற்றவர் வெளியேறுவது ஆட்டநெறி; ஆடுமுன்னரே வெளியேற்றுவது நெறியன்று. நம் பெண்மக்கள் கல்விக்கூட வாயிலில் நிற்கையில் இவ்வேறுபாட்டை நாம் மறவாதிருப்போமாக.