‘எனினும்’ காட்டும் திசை

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவின் வரலாறு நீண்டது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ், பள்ளி மாணவரின் மனத்திறனை அளக்கச் சொற்களும் அசைகளும் விடுபட்ட உரைப்பகுதிகளைக் கையாண்டு, அதன் முடிவுகளை 1897-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்விலிருந்து 2016-இல் நீக்கப்பட்ட இவ்வகை வினா, மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் இன்றும் நீடிக்கிறது.

இவ்வினாக்களில் ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’, ‘எட்’ போன்ற எதிர்நிலைச் சொற்களைக் கண்டதும், முன்னுள்ள சொல்லுக்கு நேர் எதிர்ச்சொல்லைத் தேடுவது மாணவரிடையே பரவலாக உள்ள பழக்கம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. எதிர்நிலைச் சொல் மறுப்பது முன்னுள்ள சொல்லை அன்று, அச்சொல் படிப்பவர் மனத்தில் எழுப்பும் எதிர்பார்ப்பையே. ‘அவர் பெருஞ்செல்வர், எனினும் ____ வாழ்ந்தார், அவர் அறையில் ஒரு கட்டிலும் சில நூல்களுமே இருந்தன’ என்னும் வாக்கியத்தில் ‘வறுமையில்’ என்று நிரப்பினால், அவரைச் செல்வர் என்ற கூற்றே பொய்த்துப்போகும். செல்வரிடம் உலகம் எதிர்பார்ப்பது ஆடம்பரம் என்பதாலும், பின்வரும் அறை வருணனை அதை மறுப்பதாலும், ‘எளிமையாக’ என்பதே பொருந்துகிறது. இறுதிப் பகுதி ‘எந்த விருந்துக்கும் அவருக்கு அழைப்பு வந்ததில்லை’ என்றிருந்தால், அதே ‘எனினும்’ ‘தனிமையில்’ என்ற விடைக்கு இட்டுச்செல்லும். ஆகவே எதிர்நிலைச் சொல் திசையை மட்டுமே காட்டும். எந்தப் பண்பில் மாறுபாடு என்பதை வாக்கியத்தின் எஞ்சிய பகுதியே சொல்லும்.

முன்பகுதியில் எதிர்மறை இருந்தால் கணக்கு மேலும் நுட்பமாகிறது. ‘அந்நூலின் நடை எளிதன்று, ஆயினும் வாசகர் அதை ____’ என்பதில் ‘அன்று’ ஒருமுறையும் ‘ஆயினும்’ மறுமுறையும் திசையைத் திருப்புவதால், ‘விரும்பினர்’ என்ற உடன்பாட்டுச் சொல்லே வந்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் மறைமுகமான எதிர்நிலைகளும் உண்டு. ‘ஃபார் ஆல் ஹிஸ் லேர்னிங்’ என்ற தொடர் ‘அவ்வளவு கல்வி இருந்தும்’ என்று பொருள்படும். ‘எனிதிங் பட்’ என்பது தன்னை அடுத்துவரும் பண்பை முற்றாக மறுக்கும். ‘வைல்’ என்பதோ ஒரே காலத்தில் நிகழ்வதையும் குறிக்கும், மாறுபாட்டையும் குறிக்கும் என்பதால், அதைக் கண்டவுடன் முடிவுகட்டுவது ஆபத்து.

ஆறு சொற்களிலிருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் ஜிஆர்இ வினாவில், தவறான திசையில் செல்பவருக்கும் ஒத்த பொருளுடைய இணை ஒன்று அகப்படக்கூடும். எனவே இணை கிடைத்ததையே சான்றாகக் கொள்ளாமல், இரு சொற்களையும் தனித்தனியே பொருத்தி, எதிர்நிலைச் சொல்லோடு வாக்கியம் முழுவதையும் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும்.